காசிமேட்டுக் காமிக்ஸ், 64 பக்கம்: பதிப்பகத்திடம் கொடுப்பதா, நாமே போடுவதா?

9 ஆகஸ்ட் 2025

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"அண்ணா, காசிமேட்டில் போட் மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை வைத்து 64 பக்கக் காமிக்ஸ் வரைந்து முடித்துவிட்டேன். கறுப்பு வெள்ளை. ஒரு பதிப்பகம் மொத்தமாக 15,000 ரூபாய் தருகிறது, ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறது. இன்னொரு இடத்தில் நான் 40,000 கட்டினால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அமேசானில் போடு என்கிறான் நண்பன். ஒன்றும் புரியவில்லை. வடசென்னையில் இருந்துகொண்டு இதையெல்லாம் செய்ய முடியுமா, தெற்கே அலைந்துதான் ஆக வேண்டுமா?"

9 ஆகஸ்ட், இரவு

கையெழுத்துப் போடாதீர்கள். இன்றைக்கு அவசரம் அது ஒன்றுதான். மற்றதை ஆற அமரப் பேசலாம். பெயர்களை மறைத்துவிட்டு அந்த ஒப்பந்தத்தை இங்கே போடுங்கள்.

10 ஆகஸ்ட்

படித்தேன். மூன்றாவது பத்தியைப் பாருங்கள்: "கதை, ஓவியம், பாத்திரங்கள் ஆகியவற்றின் சகல உரிமைகளும் நிரந்தரமாகவும் உலகம் முழுவதற்கும்." அவர்கள் தரும் 15,000 இந்த 64 பக்கத்துக்கு மட்டும் இல்லை. அந்த மெக்கானிக் பெண்ணையே எழுதிக் கேட்கிறார்கள். அவளை வைத்து இரண்டாவது கதை வரைய நினைத்தால் நீங்களே போய் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். யாராவது வெப் சீரிஸ் எடுக்க ஆசைப்பட்டால் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் நீங்களாக எழுதி வரைந்ததற்கு நீங்கள்தான் முதல் உரிமையாளர். எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் கிடையாது. உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பின் 60 வருடம் அந்த உரிமை இருக்கும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். 19ஆம் பிரிவை ஒரு முறை படித்துவிடுங்கள். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம். எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாமல் பூட்டி வைத்திருந்தால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, அந்த உரிமை திரும்பி வந்துவிடும். "நிரந்தரமாக", "உலகம் முழுவதற்கும்" என்று எழுதுவது இந்தப் பாதுகாப்பையெல்லாம் ஒரே வரியில் எடுத்துவிடத்தான்.

பெரிய உதாரணம் ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததே. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938ல் 130 டாலர் காசோலையோடு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வழக்கு, மேல்முறையீடு என்று அலைந்து, 1975 கடைசியில்தான் நிறுவனம் அவர்களுக்கு வருடாந்தரத் தொகையும் கதையில் பெயரும் தர ஒப்புக்கொண்டது. அப்போது இரண்டு பேருக்கும் அறுபது வயது தாண்டிவிட்டது.

பதிப்பகத்திடம் சண்டை போட வேண்டாம். "தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும், 3 வருடம், விற்ற பிரதிக்கு ராயல்டி, மற்ற உரிமைகள் ஆசிரியரிடமே" என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். என்ன பதில் வருகிறது என்று பார்ப்போம்.

12 ஆகஸ்ட்

அந்த 40,000 விஷயம். நாம் பணம் கட்டினால் அதற்குப் பெயர் சேவை. சேவை வாங்குவதில் தப்பில்லை, என்ன கிடைக்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும். எத்தனை பிரதி உங்கள் கைக்கு வரும்? அச்சுக்குப் போகும் கோப்பு உங்களிடம் இருக்குமா? விற்ற கணக்கை எப்படிப் பார்ப்பது? இந்த மூன்றுக்கும் வாயால் சொல்லாமல் எழுதித் தருவார்களா?

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கித் தருகிறோம் என்று அதற்கு ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் தனிநபரும் விண்ணப்பிக்கலாம்.

பெங்களூரில் பொத்தி, நம் சென்னையிலேயே நோஷன் பிரஸ் மாதிரி இடங்களில் தேவைக்கேற்ப அச்சிடும் வசதி உண்டு. ஆர்டர் வந்தால் அடிப்பார்கள், வீட்டில் மூட்டை அடுக்க வேண்டாம். ஆனால் எத்தனை விற்றாலும் பிரதி அடக்கம் பெரிதாக இறங்காது. 300 பக்க நாவலுக்கு அது கட்டுப்படியாகும். 64 பக்கக் காமிக்ஸை நூறு ரூபாய்க்குள் விற்க நினைக்கிற உங்களுக்கு இடிக்கும்.

17 ஆகஸ்ட்

தெற்கே போக வேண்டுமா என்று கேட்டீர்களே, அச்சு விஷயத்தில் தெற்கே இருப்பவர்கள்தான் நம் பக்கம் வருகிறார்கள். மண்ணடி மெட்ரோவில் இறங்கி ஆண்டர்சன் தெருவுக்கு நடந்தால் காகிதக் கடை, அட்டைக் கடை, கல்யாணப் பத்திரிகைக் கடை வரிசையாக இருக்கும். சந்துக்குள் போனால் கட்டிங், லேமினேஷன், பைண்டிங் எல்லாம் கூப்பிடு தூரம். நான் கொருக்குப்பேட்டை. பாரிமுனைப் பக்கம் டிடிபி வேலை. என் புத்தகங்களை அந்தத் தெருக்களை வைத்துத்தான் போட்டேன்.

முதலில் காகிதம். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது ஒரு காகிதக் கடைக்காரர். எதிரில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை மேசைமேல் வைத்து, அதன் மேல் 70 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள மேப்லித்தோ தாள் ஒன்றைப் போட்டார். மாப்பிள்ளை பெயர் வரை படிக்க முடிந்தது. அதை எடுத்துவிட்டு 90 போட்டார். பிள்ளையார் மட்டும் நிழலாகத் தெரிந்தார். "உங்க படத்துல கறுப்பு ஜாஸ்தியா? அப்போ இதை எடுங்க" என்றார். உங்கள் பக்கங்களில் பாதி இரவுக் காட்சி. அடுத்த பக்கத்துக் கறுப்பு இந்தப் பக்க முகத்தில் வந்து நின்றால் வரைந்ததெல்லாம் வீண். 90 எடுங்கள்.

டெமி அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், உங்கள் கட்டங்களுக்குச் சரியாக இருக்கும். 16 பக்கம் ஒரு பாரம் என்றால் 64 பக்கம் சுத்தமாக 4 பாரம், தாள் வீணாகாது. கதையை 66 பக்கமாக இழுத்திருந்தால் அந்த இரண்டு பக்கத்துக்குத் தனிக் கூலி கொடுத்திருப்பீர்கள்.

64 பக்கத்துக்குச் சென்டர் பின் போதும். பின் அடித்து மடிக்கும்போது நடுப்பக்கங்கள் வெளியே பிதுங்கும், கட்டிங்கில் அவைதான் அதிகம் வெட்டுப்படும். அதனால் ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டருக்குள் எந்த வசனமும் இருக்கக் கூடாது. நடுவில் இருக்கும் எட்டுப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை அளந்து பாருங்கள்.

எத்தனை பிரதி? ஆஃப்செட் என்பது பிளேட் செய்து அடிப்பது, அந்தப் பிளேட் செலவு 100 அடித்தாலும் அதே, 1000 அடித்தாலும் அதே. அதனால் 1000 போட்டால் பிரதி விலை இறங்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் விற்காத 700 பிரதியை எந்த அலமாரியில் வைப்பீர்கள்? நம் வீடுகளில் மனிதர்களுக்கே இடம் பார்த்துத்தான் படுக்கிறோம். பிளேட் தேவைப்படாத டிஜிட்டலில் 100 போடுங்கள். அது தீர்ந்த பிறகு 500க்கு ஆஃப்செட் போகலாம்.

18 ஆகஸ்ட்

நேற்று விட்டுப்போனது. கோப்பு ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான வண்ண முறையில் இருந்தால் உங்கள் கறுப்பு அச்சில் நான்கு நிறமாகப் பிரிந்து போகும். ஒற்றைக் கறுப்பாக, கிரேஸ்கேலில் கொடுங்கள். வண்ண அட்டையிலும் கோட்டோவியமும் எழுத்தும் கறுப்புப் பிளேட்டில் மட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட் ஒரு நூல் நகர்ந்தாலும் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் விழும். ஸ்கேன் 600 டிபிஐக்குக் குறையாமல்.

24 ஆகஸ்ட்

நீங்கள் அனுப்பிய மாதிரிப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரைவது பிரமாதம். வின்ச்சில் கயிறு சுற்றும் அந்தக் கட்டத்தில் கயிற்றின் ஈரம் வரை தெரிகிறது. எழுத்துதான் பிரச்சினை.

பல வசன பலூன்களில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. உங்கள் ஃபோட்டோஷாப் பழைய பதிப்பாக இருந்தால் டைப் முன்னுரிமைகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான என்ஜினைத் தேர்ந்தெடுத்து, பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி வகையை வையுங்கள். ஏற்கெனவே அடித்த பழைய லேயர்களையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் வாசகர் ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பிழையைத்தான் பார்ப்பார்.

அப்புறம் பலூன் அளவு. வெளிநாட்டுக் காமிக்ஸைப் பார்த்து வரைந்து பழகியதால் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டிருக்கிறீர்கள். நம் சொற்கள் நீளம். "போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்று ஒருத்தர் சொன்னால் அந்த வட்டம் தாங்காது. நான் செய்வது இதுதான்: பென்சில் கட்டத்திலேயே வசனத்தை அடித்து ஒட்டிவிடுவேன், அதைச் சுற்றித்தான் ஆளை வரைவேன்.

உங்கள் ஆட்கள் பேசுவது காசிமேட்டுப் பேச்சு. பதிப்பகத்தார் அதைத் "திருத்தித்" தரச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். மெக்கானிக் ஷெட்டில் யாரும் மேடைத் தமிழ் பேசுவதில்லை. ஒப்பந்தம் எங்கே போட்டாலும், ஆசிரியர் சம்மதமின்றி வசனத்தில் கைவைக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள்.

31 ஆகஸ்ட்

அமேசான். நண்பர் சொன்னது பாதி சரி. கிண்டிலில் தமிழில் போடலாம், கேடிபிக்கு (அமேசானில் நாமே புத்தகம் போடும் தளம்) கட்டணம் இல்லை, உலகத்தில் எங்கிருந்தும் வாங்கலாம். டொராண்டோவில் இருக்கும் தமிழருக்கு அதுதான் வழி.

ஆனால் காமிக்ஸுக்கு அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 70 சதவீத ராயல்டி என்று பார்த்ததும் டிக் அடித்துவிடாதீர்கள். இந்தியாவில் அதற்குப் புத்தகத்தை கேடிபி செலக்டில் சேர்க்க வேண்டும், அதாவது மின்வடிவில் வேறெங்கும் விற்கக் கூடாது. மேலும், கோப்பு அனுப்பும் செலவு என்று மெகாபைட்டுக்கு 7 ரூபாய் பிடிப்பார்கள். நாவல் ஒரு எம்பி இருக்கும். உங்கள் 64 பக்கம் 30 எம்பி வந்தால் 210 ரூபாய். புத்தகத்தின் விலையே அவ்வளவு கிடையாது. 35 சதவீதத்தில் இந்தப் பிடித்தம் இல்லை, அதைத்தான் எடுக்க வேண்டும். 99 ரூபாய் விலை வைத்தால் கைக்கு முப்பது சொச்சம்.

கேடிபியில் அச்சுப் புத்தகமும் போடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தமிழுக்கு அது மின்நூல் மட்டும்தான். அச்சுக்கு ஆண்டர்சன் தெருவே கதி.

இலவசமாக வெப்டூன் மாதிரி இணையத்தில் வாராவாரம் போடலாமா என்பது இன்னொரு கேள்வி. அங்கே எல்லாம் மேலிருந்து கீழே உருட்டிப் படிக்கிற அமைப்பு. நீங்கள் வரைந்திருப்பது புத்தகப் பக்கம், இரண்டு பக்கம் சேர்ந்து ஒரே படமாக வரும் இடம் வேறு இருக்கிறது. கட்டங்களை வெட்டிப் புதிதாக அடுக்க வேண்டும். அதற்குப் பதில் முதல் 12 பக்கத்தை அப்படியே இன்ஸ்டாகிராமில் விடுங்கள். மீதி புத்தகத்தில்.

7 செப்டம்பர்

"சிங்கப்பூரில் மாமா பையன் இருக்கிறான், அவன் பெயரில் கிக்ஸ்டார்ட்டர் போடலாமா?"

பலரிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவில் வசிப்பவர் திட்டம் தொடங்க முடியாது, சிங்கப்பூரில் வசிப்பவர் தொடங்கலாம். ஆனால் அங்கே திட்டத்தின் சொந்தக்காரர் உங்கள் மாமா பையன்தான். பணம் அவர் கணக்குக்கு வரும், வரிக்கணக்கும் அவர் தலையில், புத்தகம் போய்ச் சேராவிட்டால் பதில் சொல்வதும் அவர். உறவு கெடாமல் இருக்க வேண்டுமானால் வேண்டாம்.

அதே காரியத்தை நம்மூரில் முன்பதிவு என்று வெகுநாளாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972ல் தொடங்கியது, லயன் 1984ல். இன்றைக்கு அவை சந்தாவையும் முன்பதிவையும் நம்பி ஓடுகின்றன. பெட்டிக்கடையில் கிளிப் போட்டுக் காமிக்ஸ் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. ராணி காமிக்ஸை எங்கள் தெருமுனையிலேயே வாங்கினோம். 2005ல் அது நின்றது. பழைய இதழுக்கு மூர் மார்க்கெட், 1985 தீ விபத்துக்குப் பிறகு அல்லிக்குளம். அந்த வலை இப்போது இல்லை, அதனால் வாசகரை நாம்தான் ஒவ்வொருவராகப் பிடிக்க வேண்டும். சிவகாசிக்காரர்கள் அதைப் பொறுமையாகச் செய்தார்கள். தமிழில் காமிக்ஸ் உயிரோடு இருப்பதற்கு அவர்கள் பெரிய காரணம், அவர்கள்மேல் எனக்கு அத்தனை மரியாதை.

உங்களுக்கு வேண்டியது ஒரு கூகுள் ஃபாரம், ஒரு க்யூஆர் கோடு. "50 பேர் பணம் கட்டியதும் அச்சுக்குப் போகும், அதுவரை யார் கேட்டாலும் திருப்பித் தருவேன்" என்று தெளிவாகப் போடுங்கள். பின் அட்டையை மீன்வலைக் கடைக்கோ என்ஜின் உதிரிபாகக் கடைக்கோ விளம்பரத்துக்குக் கொடுக்கலாம். என் ஒரு புத்தகத்தின் அட்டைச் செலவை அப்படித்தான் எடுத்தேன்.

21 செப்டம்பர்

இந்த வாரம் நடந்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. திருவொற்றியூரிலிருந்து ஒருவர், கடலுக்குப் போகிறவர், நீங்கள் போட்ட மாதிரிப் பக்கங்களைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். "தம்பி, 22ஆம் பக்கத்துல இருக்கிறது ஃபைபர் போட். அதுக்கு என்ஜின் பின்னால வெளியே தொங்கணும். நீ விசைப்படகு மாதிரி உள்ளே வெச்சிருக்கே. அந்தப் பொண்ணு எதைத்தான் ரிப்பேர் பண்ணுது?"

எந்தப் பதிப்பாசிரியரும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். புத்தகம் அச்சாவதற்கு முன்பே படிக்கிற, தப்பைச் சொல்கிற ஆட்கள் உங்களுக்கு இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை மறுபடி வரையுங்கள், நன்றிப் பக்கத்தில் அவரைச் சேருங்கள், அவர் சம்மதித்தால் பெயரோடு.

இதிலிருந்து எனக்கு ஒரு யோசனை. ஜனவரி புத்தகக் காட்சிக்கு வெளியிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறீர்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகெல்லாம் கரையில் ஏற்றிப் பழுது பார்க்கும் நேரம், உங்கள் கதையே அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அப்போது வெளியிட்டால் என்ன?

21 செப்டம்பர், பிற்பகல்

காசிமேட்டு வாசகி ஒருவர் உடனே பதில் எழுதிவிட்டார்: தடைக்காலத்தில் நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. நியாயம். அப்படியானால் ஜனவரியில் வெளியிட்டு வெளியாட்களிடம் முழு விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் தடைக்காலத்தில் துறைமுகத்துக்குக் குறைந்த விலைப் பதிப்பு, சாதா அட்டையில் போடலாம். அதற்குள் ஆஃப்செட் போயிருந்து, பிளேட் பத்திரமாக இருந்தால் இரண்டாவது அச்சுக்குச் செலவு குறையும். பிரஸ்ஸில் சொல்லி வையுங்கள்.

5 அக்டோபர்

இரண்டு செய்தி.

ஒன்று, காகிதம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அது அப்படியே இருக்கிறது. ஆனால் செப்டம்பர் 22லிருந்து அச்சுக் காகிதத்துக்கு 12 சதவீதமாக இருந்தது 18 ஆகிவிட்டது. புத்தகத்துக்கு வரி இல்லாததால் அந்த 18ஐ நாம் யாரிடமும் கழித்துக்கொள்ள முடியாது, அடக்கத்தில் ஏறும். ஆகஸ்டில் வாங்கிய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், புதிதாகக் கேளுங்கள்.

இரண்டு, தபால். பழைய பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்திவிட்டார்கள், பதிவுத் தபாலும் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. புத்தகம் அனுப்ப மே மாதத்திலிருந்து ஞான் போஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100. தரைவழியாகத்தான் போகும், நாளாகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். கூரியர்காரன் கேட்பதை நினைத்தால் இது கொடுத்து வைத்த விஷயம்.

நிபந்தனைகள் உண்டு. அச்சகத்தார் அல்லது வெளியிடுபவர் பெயர் புத்தகத்தில் அச்சாகியிருக்க வேண்டும். குறித்த இடைவெளியில் வரும் இதழ்களுக்குக் கிடையாது, அதனால் அட்டையில் "மாதம் ஒரு கதை" என்றெல்லாம் போடாதீர்கள். வணிக விளம்பரம் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள். இங்கேதான் நான் செப்டம்பரில் சொன்ன பின் அட்டை விளம்பரம் மாட்டுகிறது. என் புத்தகம் பழைய அஞ்சல் முறையில் போனது. இப்போது அந்த ஒரு விளம்பரத்துக்காக ஒவ்வொரு பார்சலிலும் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வரும். துறைமுகத்துக் குறைந்த விலைப் பதிப்பில் விளம்பரம் வைத்துக்கொள்ளுங்கள், அது கையில் விற்பது. தபாலில் போகும் பதிப்பில் வேண்டாம்.

காகிதத்தையும் இதோடு சேர்த்து யோசித்தேன். 90 ஜிஎஸ்எம்மில் ஒரு பிரதி அட்டையோடு 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். மூன்று பிரதி ஒரே கட்டாகக் கேட்டால் 300ஐத் தாண்டிவிடும். 80 என்றால் உறையோடு சேர்த்து உள்ளே அடங்கும், வரி ஏறியதற்கும் அது கொஞ்சம் ஈடு. இரவுக் காட்சிப் பக்கம் ஒன்றை 80ல் அடித்துப் பார்த்து, அடுத்த பக்கம் தெரியவில்லை என்றால் அதையே எடுங்கள். தெரிந்தால் 90தான், தபால் பக்கம் போகட்டும்.

19 அக்டோபர்

கடைகள். பிரதி அடக்கம் 40, விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கோ விநியோகஸ்தருக்கோ 40 சதவீதம் கழிவு கொடுத்தால் உங்களுக்கு 20 நிற்கும். நேரில் விற்றால் 60. நம் பக்கம் புத்தகக் கடை என்றால் பெரும்பாலும் கைடும் நோட்டும்தான். இலக்கியமோ காமிக்ஸோ வேண்டுமென்றால் கே.கே. நகர், திருவான்மியூர் என்று போக வேண்டும். அங்கே வைக்கத்தான் வேண்டும், வெளியூர் வாசகர் அங்கேதான் கேட்பார். ஆனால் பத்துப் பிரதிக்கு மேல் ஒரே இடத்தில் போடாதீர்கள், கொடுக்கும்போதே தேதியோடு ரசீது வாங்குங்கள். ஒரு கடையில் நான் ரசீது வாங்கித்தான் கொடுத்தேன், அப்படியும் இன்றுவரை கணக்கு வரவில்லை. ரசீது இல்லாதவர்களுக்குக் கேட்கவே வாயில்லை.

புத்தகக் காட்சி: பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்துகிறது, நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம். ஒற்றைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அரங்கு எடுப்பது கட்டாது. ஏற்கெனவே அரங்கு எடுக்கும் சிறு பதிப்பகத்திடம் கழிவு பேசி மேசையில் இடம் வாங்குங்கள், மாலையில் பக்கத்திலேயே நில்லுங்கள். வரைந்தவர் நிற்கிறார் என்றால் பையன்கள் வந்து பார்ப்பார்கள், பெற்றோர் பின்னால் வருவார்கள். அலைச்சலுக்குப் பயப்படாதீர்கள், தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனம்.

காமிக்ஸ் ரசிகர்களின் விழாவான காமிக் கான் சென்னைக்கு முதல் முறையாக 2024 பிப்ரவரியில் வந்தது, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். போய்ப் பார்த்தேன். ஓவியர்களுக்கு என்று தனி மேசைகள் உண்டு, கூட்டம் உண்மையாகவே கூட்டம். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் வாங்கியது ஸ்டிக்கரும் போஸ்டரும். நீங்கள் போனால் நான்கு பேர் சேர்ந்து மேசை வாடகையைப் பிரித்துக்கொள்ளுங்கள், அந்த மெக்கானிக் பெண் ஸ்பேனரோடு நிற்கும் படத்தை ஏ3 போஸ்டராக அடித்து எடுத்துப் போங்கள்.

இதையெல்லாம்விட வியாசர்பாடி ஃபுட்பால் மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் அன்று விற்றதுதான் எனக்கு மனசு நிறைந்த விற்பனை. இடைவேளையில் பையன்கள் நாலு நாலு பேராகக் காசு சேர்த்து ஒரு பிரதி வாங்கி, அங்கேயே உட்கார்ந்து படித்தார்கள். ஒருத்தன் சத்தமாக வாசித்தான், மற்றவர்கள் குரல் கொடுத்தார்கள். ரெஃப்ரி விசில் அடித்தும் எழுந்து போகவில்லை, கோச் வந்து திட்டினார். அப்புறம் அவரும் ஒன்று வாங்கினார்.

20 அக்டோபர்

ஒரு சேர்க்கை. நீங்களே வெளியிட்டால் சட்டப்படி நீங்கள்தான் வெளியீட்டாளர். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். கன்னிமாராவுக்கு எழும்பூரில் நேரிலேயே கொடுத்து ஒப்புகை வாங்கலாம். காசிமேட்டுக் கதை ஒன்று அங்கே இருக்க வேண்டும், தவறாமல் கொடுங்கள்.

2 நவம்பர்

பதிப்பகத்தின் பதிலைத் தண்டையார்பேட்டை வாசகர் அனுப்பியிருக்கிறார். "நிரந்தரமாக" என்பதை எடுத்துவிட்டு 5 வருடம் என்று போட்டிருக்கிறார்கள். பாத்திரங்கள் ஆசிரியருக்கே. ராயல்டி 10 சதவீதம், முன்பணம் 5,000. ஆனால் சினிமா, வெப் சீரிஸ் வருமானத்தில் பாதி வேண்டும் என்கிறார்கள்.

நான் ஆகஸ்டில் இருந்த வேகத்தில் இப்போது இல்லை. கேட்டதும் இறங்கி வந்திருக்கிறார்கள், பேசத் தெரிந்தவர்கள். விநியோகம் அவர்களிடம் இருக்கிறது, மதுரையிலும் கோவையிலும் புத்தகம் கிடைக்கும். அதை நாம் இருவரும் சேர்ந்தாலும் செய்ய முடியாது. பத்து சதவீதம் தமிழ்ப் பதிப்பில் வழக்கமானதுதான்.

சினிமாவில் பாதி என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் பேரம் பேசி வாங்கித் தந்தால் அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு பங்கு கொடுக்கலாம், சும்மா இருந்து பாதி கேட்பது முறையில்லை. இன்னொன்றும் கேளுங்கள்: முதல் 100 பிரதியை நீங்களே அச்சிட்டு நேரில் விற்றுக்கொள்ளும் உரிமை, துறைமுகக் குறைந்த விலைப் பதிப்பு உங்களுடையது. இரண்டும் கிடைத்தால் கையெழுத்துப் போடலாம் என்பது என் எண்ணம். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள், ஒரு மணி நேரக் கட்டணம் இதற்குக் கொடுக்கலாம்.

இங்கே சிலர் "விற்றுவிட்டான்" என்று எழுதியதைப் படித்தேன். அப்படி எழுத வேண்டாம். வரைகிறவன் வாடகை கட்ட வேண்டும். உரிமை அவனிடம் இருக்கிறது, வசனம் அவனுடையது, துறைமுகத்தில் அவன் கையால் விற்கப் போகிறான். இதற்கு மேல் அவனிடம் நாம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

16 நவம்பர்

100 பிரதிக்கான கடைசி ப்ரூஃப் பார்த்தேன். முன்பதிவு 50ஐத் தாண்டிவிட்டதாம், நல்லது. இரவுப் பக்கத்தை 80ல் அடித்ததில் அடுத்த பக்கம் தெரியவில்லை, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. ஃபைபர் போட் சரியாகிவிட்டது, திருவொற்றியூர் அண்ணனிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இரண்டாம் பக்கத்தில் இன்னும் வரவில்லை, தபாலுக்கு அது வேண்டும். 41ஆம் பக்கம் மூன்றாவது கட்டத்தில் பலூனின் வால் அம்மாவுக்குப் போக வேண்டியது மேஸ்திரிக்குப் போகிறது. 58ல் "டீசல்" என்பதற்கு நெடில் விட்டுப்போயிருக்கிறது. இந்த மூன்றையும் மாற்றிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் கடை திறக்கும்போதே கொண்டுபோய்க் கொடுங்கள். மதியத்துக்கு மேல் போனால் கல்யாணப் பத்திரிகை வேலை முன்னால் போய்விடும்.